மலைநிழலில் ஒரு கேமரா

பிளவக்கல்லில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். மேற்கே மலை மறிப்பதால், ராஜபாளையம் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அணையோரத் தோப்புகள் நிழலுக்குள் போய்விடும். தலைக்கு மேல் வானம் பளிச்சென்றிருக்கும். தரையில் எந்தப் பொருளுக்கும் நிழல் விழாது. திகில் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்யும் எனக்கு, ஒரு நாளில் இதைவிட நல்ல பொழுது கிடையாது.

அப்போது ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினிலேயே விட்டுவிடுவேன். நேர்வெயில் போய் வானத்து வெளிச்சம் மட்டும் படுவதால் மாந்தோப்பு நீலம் பாரித்துக் கிடக்கும். எக்ஸ்போஷரை வானத்துக்கு வைத்தால் மரத்தடி கருத்துவிடும். தூரத்தில் வருபவரின் வேட்டி தெரியும், முகம் தெரியாது. புகை மெஷினுக்கு அங்கே வேலையே இல்லை.

நம் பேய்ப்படங்கள் வெகுகாலம் பாழடைந்த மாளிகையை நம்பின. 1963-ல் ஸ்ரீதர் இயக்கி, ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்த 'நெஞ்சம் மறப்பதில்லை' எனக்கு இன்றும் பாடம். ஆனால் அடிவாரத்துப் பயம் குடியிருப்பது ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில். இங்கே தென்னை வரிசை முடிந்தால் மலைக்காடு. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் மனிதருக்கு வேலையில்லை என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தயக்கம் நடிகரின் காலில் வந்துவிட்டால் வசனமே வேண்டாம்.

சத்தத்தையும் நிலமே தரும். அணைக்கரையில் ஆள் நடமாடினால் ஆள்காட்டிக் குருவி கத்தி ஊரைக் கூட்டும். அந்தக் கத்தலை வைத்துவிட்டு, யாரும் வராத கரையைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் போதும், தியேட்டர் அடங்கிவிடும்.

பட்டப்பகலிலும் குலை நடுங்கும் என்று காட்டிய 'தி விக்கர் மேன்' (1973) வசந்தகாலக் கதை. ஸ்காட்லாந்தின் இலையுதிர் காலத்தில் எடுத்ததால் மரங்களில் செயற்கைப் பூக்களை ஒட்டினார்கள். கதைக்கு நிலமும் பருவமும் அவ்வளவு முக்கியம்.

ஆகவே பேய்க்கதை எழுதும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பேயை யோசிக்கும் முன் ஊருக்குப் போங்கள். மலை எந்தத் திசை, வெயில் எப்போது இறங்கும், எந்தத் தடத்தில் ஊர்க்காரர் தனியே போகமாட்டார் என்று கேளுங்கள். திரைக்கதையின் பாதி அந்தப் பதில்களிலேயே கிடைத்துவிடும்.