தாழ்ந்த வண்டியும் தாயாரின் முதுகும்

சில ஆண்டுகளுக்கு முன் புனே நகரில் பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்கினோம். அதை முன்பு வைத்திருந்தவர் இளைஞர். வேண்டுமென்றே உயரத்தைக் குறைத்திருந்தார். பதுங்கிய புலிபோல் அது நின்ற அழகில் நாம் மயங்கினோம் என்பதை மறைப்பானேன்?

ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்த அன்னையாரை வாரந்தோறும் அதில் கோயிலுக்கு அழைத்துச் செல்வோம். வழியில் வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்று வரும்போதும் அன்னையார் பேச்சை நிறுத்தி இருக்கையைப் பற்றிக்கொள்வார். வண்டியின் வயிறு உராயும். அவர் முதுகில் அடி விழும். ஒரு நாள், "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்றார். அவர் கடிந்துகொண்டிருந்தால்கூட நாம் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டோம்.

ஷாக் அப்சார்பரின் தலையில், அதன் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. அதைக் கடைசிவரை மென்மைப் பக்கம் திருப்பினோம். இடி குறையவில்லை, கூடிற்று!

பட்டறையில் இருந்த முதிய மராத்தி மெக்கானிக் காரணத்தை விளக்கினார். மேட்டில் ஏறும் சக்கரம் மேல்நோக்கி நகர இடம் வேண்டும். நம் வண்டியிலோ ஸ்பிரிங்கைத் தாங்கும் மறைவளையத்தைக் கீழே இறக்கி உயரத்தைக் குறைத்திருந்தார்கள். ஆகவே வண்டி நிற்கும்போதே ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் அமுங்கியிருந்தது. சிறு மேட்டிலும் எஞ்சிய இடம் தீர்ந்து, உள்ளிருக்கும் ரப்பர் தடையில் மோதியது. திருகை இளக்கியதால் மோதல் இன்னும் விரைந்து வந்தது.

வயிறு உராய்ந்ததற்கும் கணக்கு உண்டு. 1988-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மென்மையான வளைவு. முன்பின் சக்கரங்களுக்கிடையே 2.4 மீட்டர் உள்ள வண்டி அதன் நடுவில் நிற்கையில், அடியில் சுமார் 4 சென்டிமீட்டர் இடமே குறையும். அதே உயரத்தில் குறுகலாக எழுப்பிய மேடோ சக்கரங்களுக்கு நடுவே புகுந்து 10 சென்டிமீட்டரையும் எடுத்துக்கொள்ளும். நமக்கிருந்ததோ 12 தான். வண்டி சற்றே அமுங்கினாலும் உராயாமல் என்ன செய்யும்?

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, மறைகளில் படிந்த மண்ணைத் துலக்கி, பூட்டுவளையத்தைத் தளர்த்தித் தாங்கும் வளையத்தை மேலேற்றினார். பிறகு வண்டியை இறக்கிச் சிறிது தூரம் உருட்டி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்தார். 3 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. திருகை நடுவில் வைத்தார். உயரம் மாறினால் சக்கரக் கோணமும் விளக்கின் ஒளி விழும் இடமும் மாறுமாதலால் அவ்விரண்டையும் சரிபார்த்தே அனுப்பினார்.

புலி சற்று எழுந்து நின்றது. அழகு குறைந்ததென்று பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மிகவும் வற்புறுத்தி அன்னையாரை அழைத்துச் சென்றோம். ஊர்த் திருவிழாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் வேகத்தடை வந்தது, போயிற்று. அன்னையார் பேச்சை நிறுத்தவில்லை.