பெரியம்மா வீட்டு ஆண்டெனா

வீட்டில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் நாம் ஓயாமல் வலியுறுத்துகிறோம். ஆனால் அந்த ஒலி எந்த வழியாக வீட்டிற்குள் வருகிறது என்பதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. இந்நிலையில் கட்டணமின்றி வரும் வசந்தம் ஒளிவழியைப் பொழுதுபோக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது.

2000ஆம் ஆண்டில் வசந்தம் சென்ட்ரல் என்ற பெயரில் தொடங்கி, 2008 அக்டோபரில் அது தனி ஒளிவழியாயிற்று. மின்னிலக்க ஒளிபரப்பு 2013 டிசம்பரில் அறிமுகமாயிற்று. பழைய அனலாக் ஒளிபரப்பு 2018 இறுதியோடு நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

சாங்கியில் கடலோரத்தை ஒட்டிய பழைய தரைவீடொன்றில் என் பெரியம்மா மகன் குடும்பத்தோடு வசிக்கிறார். மகனும் மருமகளும் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். பேரனுக்குத் தமிழ் என்றால் பள்ளிப்பாடம், பாட்டி, மாலையில் பாட்டியோடு சேர்ந்து பார்க்கும் வசந்தம், இவ்வளவுதான். அவர் அறையில் இருந்ததோ பழைய குழாய்த் தொலைக்காட்சி. "ஆண்டெனாவையும் மாற்ற வேண்டும்" என்று கடையில் யாரோ சொல்லிவிட, கூரையேறும் செலவை எண்ணி மகன் தயங்கினார். 2018 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் அங்குச் சென்றபோது இதுவே பேச்சாக இருந்தது.

உண்மையில் 'மின்னிலக்க ஆண்டெனா' என்று தனியாக ஒன்று இல்லை. ஆண்டெனா அலையை வாங்கித் தருகிறது. அதற்குள் இருக்கும் செய்தியைப் பிரித்துப் படிப்பது பெட்டியின் வேலை. சிங்கப்பூரின் மின்னிலக்க ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைவரிசையில் வருகிறது. வசந்தம் அனலாக் காலத்திலேயே அந்த அலைவரிசையில்தான் வந்தது. ஒளிபரப்புக் கோபுரமும் அதே புக்கிட் பாத்தோக்கில், சாங்கிக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. ஆகவே கூரையிலிருந்த ஆண்டெனாவின் வகையும் சரி, திசையும் சரி.

டிவிபி-டி2 வகைப் பெட்டி ஒன்றை மட்டும் வாங்கினோம். ஆண்டெனா கம்பியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றிப் பெட்டியில் செருகினோம். பெட்டியிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கம்பிகள் மூன்றும் தொலைக்காட்சிக்குச் சென்றன. நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தானியங்கித் தேடலை அழுத்தினோம். ஒளிவழிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் வசந்தம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து நின்றது.

அனலாக்கில் அலை நலிந்தால் படத்தில் புள்ளிகள் தூவும். விமானம் தாழப் பறந்தால் படம் துடிக்கும். ஆயினும் பேச்சு கேட்கும். மின்னிலக்கம் அப்படியன்று. ஓர் எல்லை வரை தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே அலையின் தரம் இறங்கினால் ஒன்றுமே இராது. திரையில் அலையின் தரம் காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டே கம்பியை அசைத்ததில் குறை புலப்பட்டது. உப்புக்காற்றில் கம்பியின் முனை பச்சை பூத்திருந்தது. அரித்த பகுதியை வெட்டிவிட்டு, சில வெள்ளி விலையுள்ள புது முனையைப் பொருத்தினோம். படம் நின்றது.

அதன்பின் நடந்ததே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இரண்டு ரிமோட்டுகளையும் அவருக்கு விளக்கும் பொறுப்பைப் பேரனிடம் விட்டோம். "முதல்ல இதை அழுத்துங்க பாட்டி, அப்புறம் அதை" என்று தொடங்கியவன், 'ஒலி', 'ஒளிவழி', 'நிறுத்து' என்று தாளில் எழுதி ரிமோட்டில் ஒட்டினான். ஒலி, ஒளி இரண்டிற்கும் லகரமா ளகரமா என்று அவனே என்னிடம் கேட்டுத் தெளிந்தான். பயிற்சித்தாளில் பலமுறை தவறவிட்ட வேறுபாடு அது.

பேச்சுத்தமிழுக்கு முதன்மை தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு வலியுறுத்தியது. பேசுவதற்கு ஒரு காரணமும், கேட்பதற்கு ஒருவரும் இருந்தால்தான் பிள்ளை பேசும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இத்தகைய கருவி எது வந்தாலும், அதைப் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நிகழ்ச்சிகளில் ஆங்கில வசனவரிகளை அணைக்க முடிந்தால் சிறிது நேரமாவது அணைத்து வையுங்கள். கண் படிப்பதை விட்டால் காது கேட்கத் தொடங்கும். பாட்டியையும் பிள்ளையையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். வீட்டிலுள்ள தமிழும் அந்த ஆண்டெனாவைப் போன்றதே. புதிதாக வாங்க வேண்டியதில்லை. இணைப்பு அரித்துப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.