ஐந்து தடியர்களின் வாத்தியார்

அமெரிக்கக் கால்பந்தில் (பேர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்!) குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து தடியர்கள் நிற்பார்கள். நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னால் கொடுப்பார். அப்புறம் எல்லோருக்கும் ஒரே உத்தியோகம், எதிராளியைத் தடுப்பது. ஒழுங்காகத் தடுத்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் இவர்களைப் பழக்கியவர் டான்டே ஸ்கார்நெக்கியா. 1982-ல் சேர்ந்தார். இடையில் இரண்டு வருஷம் வேறு அணி. தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். இவர் உதவியாளராகவே இருந்தார். 2013 சீசனோடு ஓய்வு.

அவர் இல்லாமலும் அடுத்த சீசனில் கோப்பை வந்தது, அதையும் சொல்லணும். ஆனால் 2016 ஜனவரியில் டென்வரில் டாம் பிரேடிக்கு அடி மேல் அடி. தோல்வி. ‘பெரியவரே, திரும்ப வாங்க’ என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

வந்தார், 68 வயதில். அந்த சீசனிலேயே சூப்பர் பவுல். 2018 சீசனில் இன்னொன்று. மொத்தம் ஐந்து. 2020-ல் மறுபடி ஓய்வு.