ஆஃப் சீசன்

‘‘சார், ரிட்டையர் ஆகறதுக்குள்ள ஃபாரின்ல ஒரு தீவைப் பார்த்துடணும். ஆனா பி.எஃப். பணத்துல கை வைக்கக் கூடாது. வழி இருக்கா?’’

வாக்கிங் நண்பர் ஒருவர் போன வாரம் இப்படிக் கேட்டார். அவருக்கு மத்தியதரைக் கடல்தான் வேண்டுமாம். நீலத் தண்ணீர், வெள்ளைச் சுவர், சினிமாப் பாட்டில் வருமே, அந்த மாதிரி.

வழி இருக்கிறது. போன அக்டோபரில் நான், மனைவி, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மூவரும் மால்டா போய் ஏழு நாள் இருந்துவிட்டு வந்தோம். கடன் வாங்கவில்லை. எல்லாம் மகளின் எக்ஸெல் ஷீட் மகிமை. அவள் கற்றுக் கொடுத்ததை நண்பருக்குச் சொன்னேன். உங்களுக்கும் பயன்படலாம்.

முதலில் மாதம். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் ஐரோப்பாவே லீவு போட்டுவிட்டுக் கடற்கரையில் கிடக்கும். அறை வாடகை கண்ணைக் கட்டும். ஏப்ரல், மே பரவாயில்லை. அதைவிட நல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். கடல் மெதுவாகத்தான் ஆறும் என்பதால் அப்போதும் தாராளமாகக் குளிக்கலாம். கூட்டம் போய்விடும், வாடகை இறங்கிவிடும். இதற்கு ‘ஆஃப் சீசன்’ என்று பெயர்.

இரண்டாவது, ஒரே நாடு. நாலு நாளில் ஐந்து தீவு என்று கிளம்பினால் கப்பல் கட்டணத்திலேயே பாதிப் பணம் கரையும். மால்டாவில் ஆள் வசிக்கிற பெரிய தீவுகள் இரண்டுதான். மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர், நம் சென்னை மாநகராட்சியைவிடச் சின்னது. ஊர் முழுக்க டவுன் பஸ் ஓடுகிறது. ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி என்பதால் ‘டீ எங்கே கிடைக்கும்?’ என்று கை ஜாடை காட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, விசா. மால்டாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, வழியில் ஒரு இடத்தில் மாற வேண்டும். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பி வராத டிக்கெட்டை வாங்கித் தொலைக்காதீர்கள்.

நான்காவது, சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். அரிசியும் புளிக்காய்ச்சலும் கொண்டு போனால் மூன்று பேரின் இரவுச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். நெய், பால்கோவா மட்டும் வேண்டாம். வெளிநாட்டுப் பால் பண்டங்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள்.

இவ்வளவுதான் விஷயம். நண்பர் நோட்டில் குறித்துக்கொண்டு, ‘‘ரொம்பப் பிடிச்சது எது சார்?’’ என்றார். அதற்கு மட்டும் உடனே பதில் சொல்ல வரவில்லை.

கோஸோ என்று பக்கத்துத் தீவு. கப்பலில் இருபத்தைந்து நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்பதில்லை, திரும்பும்போதுதான் காசு. அந்தத் தீவில் மார்சல்ஃபோர்ன் என்ற ஊரைத் தாண்டிக் கரையோரமாக நடந்தால், பாறையிலேயே வெட்டிய உப்புப் பாத்திகள். சதுரம் சதுரமாக, நூற்றுக்கணக்கில். சில நூறு வருஷப் பழசு. வெயிலில் ஒவ்வொரு பாத்தியும் ஒரு கண்ணாடித் துண்டாக மின்னியது. எங்களைப்போல ஏழெட்டு டூரிஸ்ட்டுகள் வளைத்து வளைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

‘‘அப்பா, சூப்பரா இருக்குல்ல?’’ என்றாள் மகள்.

‘‘ம்’’ என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் தெரியும்.

என் சொந்த ஊர் மரக்காணம். புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் திடீரென்று மரமெல்லாம் ஒதுங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தியும் வெள்ளைக் குவியலுமாக விரியுமே, அதுதான். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் என்றால் அடுத்து எங்கள் ஊர் உப்பு. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடமும் இதுதான். ஒரு காலத்தில் எங்கள் உப்பு அந்தக் கால்வாயில்தான் படகேறிச் சென்னைக்குப் போனது.

‘ஆயா வீட்ல உப்பு பிசினஸ்’ என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆபீஸிலும் அப்படித்தான். பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. அப்பா போன பிறகு, அம்மா அந்தப் பாத்திகளில் கூலிக்கு உப்புச் சுமந்தாள். ஒரு நாளைக்கு மூன்று ரூபாய். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். திரும்பி வந்ததும் காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். பாளம் பாளமாக வெடித்த அந்தக் கால்களைப் பார்க்காமல் நான் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். அந்தக் கூலியில்தான் படித்தேன். படித்து முடித்ததும் நான் முதலில் மறைத்ததும் அதைத்தான்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்பது. எங்களோடுதான் இருக்கிறாள். ஊரிலிருந்து திரும்பிய அன்றே பேத்தி செல்போனை எடுத்துக்கொண்டு ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டை, தேவாலயம், ஐயாயிரம் வருஷத்துக்கும் மேலான கல் கோயில் எல்லாவற்றுக்கும் அம்மா ‘‘நல்லாருக்கு கண்ணு’’ என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். உப்புப் பாத்தி வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணுக்கு அருகில் கொண்டு போனாள்.

‘‘இது அளமாச்சே!’’

‘‘ஆமா ஆயா. உனக்கெப்படித் தெரியும்?’’

‘‘பாறையில வெட்டியிருக்காங்க. அப்ப மிதிக்கிற வேலை மிச்சம்’’ என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள். பிறகு, ‘‘ஆளுங்களைக் காணோமே?’’

‘‘சீசன் முடிஞ்சிடுச்சு ஆயா. அங்க அக்டோபர்ல மழை ஆரம்பிச்சுடும். இனி கோடையிலதான் உப்பு எடுப்பாங்களாம்.’’

‘‘அங்கியும் ஐப்பசி மழைதானா?’’ அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘‘அப்ப மழை முடியிற வரைக்கும் சோத்துக்கு இன்னா பண்ணுவாங்க?’’

மகள் என்னைப் பார்த்தாள். என்னிடம் பதில் இல்லை. ஆஃப் சீசன் என்பதால் வாடகை எவ்வளவு மிச்சம் என்று எக்ஸெல்லில் ஒரு கட்டம் இருந்தது. அம்மா கேட்டதற்கு அதில் கட்டமே இல்லை.

மரக்காணத்தில் ஏறக்குறைய ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரைதான் உப்பு. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர். அந்த மாதங்களில் கூலி கிடையாது. முன்பணம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த சீசனில் உழைத்துக் கழிப்பார்கள். அம்மா அப்படித்தான் கழித்தாள். இப்போது சில ஆண்டுகளாக உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. அம்மா காலத்தில் அதுவும் இல்லை.

அன்று ராத்திரி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், கோபித்துக்கொள்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். ‘‘புதுச்சேரிக்கு அந்த வழியா எத்தனை தடவை போயிருக்கோம்... ஏம்ப்பா ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தலை?’’

இந்த ஜனவரியில் நிறுத்தினோம். அம்மாவையும் அழைத்துப் போனோம். சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அதிகாலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பிவிடலாம். வழியில் கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்தது போக மிச்சமிருக்கும் சுவர்கள். ஊருக்குள் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள். பக்கத்திலேயே கழுவெளி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பைனாகுலரோடு போனால் பொழுது போவதே தெரியாது. மூன்று பேர் பஸ்ஸில் போய் வந்து, மீன் குழம்போடு சாப்பிட்டாலும், மால்டாவில் ஒரு வேளைக் காபிச் செலவைக் கொஞ்சம்தான் தாண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அளத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். வரப்பு மண்ணால் ஆனது, மிதித்தால் உடையும். தண்ணீர் போனால் பல நாள் வேலை போச்சு. உழைக்கிறவர்களைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

நாங்களும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினோம். அம்மா குனிந்து ஒரு பாத்தியில் விரலை விட்டாள். இரண்டு விரலுக்கு நடுவே தண்ணீரைத் தேய்த்துப் பார்த்தாள்.

‘‘இருபது டிகிரி இருக்கும். இருபத்தஞ்சு ஆனாத்தான் உப்பு இறங்கும்.’’

பலகை வைத்து வேலை செய்துகொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். கார், மகளின் கூலிங் கிளாஸ், என் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு தடவை அளந்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்.

‘‘எந்த ஊர்லேர்ந்துமா சுத்திப் பாக்க வந்திருக்கீங்க?’’

வழக்கம்போல ‘சென்னை’ என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

‘‘இந்த ஊர்தான்க்கா. எங்க ஆயா இங்கதான் உப்பு சுமந்தாங்க.’’