இத்தாலிய மொழியில் ஒளிந்த காதல்

மைக்கலாஞ்சலோ என்றால் நமக்குச் சிலையும் ஓவியமும்தான் நினைவுக்கு வரும். மனிதர் கவிதையும் எழுதியிருக்கிறார். 1532-இல் ரோமில் தொம்மாசோ காவலியேரி என்ற இளைஞரைச் சந்தித்தபோது அவருக்கு வயது 57. அதற்குப் பிறகு எழுதிய காதல் கவிதைகளில் பல அந்த இளைஞருக்குத்தான்.

மைக்கலாஞ்சலோ இறந்து பல வருடம் கழித்து, 1623-இல், தம்பியின் பேரன் அவற்றை அச்சிட்டார். எப்படி? ஆண்பால் சொற்களைப் பெண்பாலாக மாற்றி! தலைவன் இருந்த இடத்தில் தலைவி. அசல் வரிகள் அச்சேற 1863 வரை ஆனது. (தமிழ் என்றால் 'நீ', 'உன்னை' என்று எழுதியே தப்பித்திருக்கலாம். இத்தாலியனில் பெயரடைக்குக்கூட ஆண்பால், பெண்பால் உண்டு.)

சரி, இதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? 1940-இல் பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளர் இந்தக் கவிதைகளில் ஏழைத் தேர்ந்தெடுத்து, ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டுமே உள்ள பாடல்களாக்கினார். பாடியவர் பீட்டர் பியர்ஸ், பிரிட்டனின் காதலர். அந்தக் குரலுக்காகவே எழுதியவை அவை. 1942 செப்டம்பரில் லண்டன் விக்மோர் அரங்கில் ஒருவர் பாட, மற்றவர் பியானோ வாசித்தார். அன்றைய இங்கிலாந்தில் இரண்டு ஆண்களின் உறவு சிறைக்குரிய குற்றம். 1895-இல் ஆஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய சட்டம்தான், 1967-இல்தான் தளர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு எழுதிய காதலை, ஓர் ஆண் தன் காதலனின் இசையில், அவன் பக்கத்தில் நின்று, ஊர் முன்னால் பாடுகிறான். ஆங்கிலத்தில் இதைப் பாடியிருக்க முடியுமா? இத்தாலிய மொழி நல்ல திரையாக இருந்தது. மைக்கலாஞ்சலோ என்ற பெரிய பெயர் இன்னொரு திரை.

ஆனால் முழுக்க மறைக்கவும் இல்லை. 31-ஆம் சானெட்டின் முடிவில் கவிஞர் தன்னை ஒரு குதிரை வீரனின் கைதி என்கிறார். குதிரை வீரனுக்கு இத்தாலியச் சொல் 'காவலியேர்'. காதலனின் பெயரே சிலேடையாக உட்கார்ந்திருக்கிறது! பிரிட்டன் தேர்ந்தெடுத்த ஏழில் இதுவும் ஒன்று. தற்செயல் என்று நம்புவது கஷ்டம். 30-ஆம் சானெட்டையும் கேளுங்கள். பியானோ அடக்கமாக நகர, குரல் அதன் மேல் மிதக்கிறது. அது ரகசியம் காப்பவனின் குரல் மாதிரியே இல்லை.

1976-இல் பிரிட்டன் இறந்தபோது எலிசபெத் அரசியின் இரங்கல் செய்தி பியர்ஸுக்கு வந்தது. கணவனையோ மனைவியையோ இழந்தவருக்கு அனுப்புவது போல.