பனியை நம்பிய மண்

உறுதிக்கு நிலத்தை உவமை கூறுவது மாந்தர் மரபு. எனினும், அந்நிலத்தின் உறுதி எதனாலாயது என்ற வினா எளிதில் எழுவதில்லை. சைபீரியாவின் யாக்கூற்ஸ்க் நகரத்தார்க்கோ அவ்வினா அன்றாட வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

அங்கு 1828ஆம் ஆண்டில் ஷெர்கின் என்னும் வணிக அலுவலர் நீர் வேண்டிக் கிணறு தோண்டுவித்தார். 1837இல் வேலை நின்றபோது ஆழம் ஏறத்தாழ 116 மீற்றர், நீர் கிடைக்கவில்லை, மண் இன்னும் உறைந்தே இருந்தது. 1844இல் மிடென்டோர்ஃப் என்னும் அறிஞர் அக்கிணற்றினுள் வெப்பநிலையை அளந்தார். உறைநில ஆய்வு, நீரற்ற அக்கிணற்றிலிருந்தே ஊற்றெடுத்தது எனலாம்.

இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து 0° செ. அல்லது அதற்குக் கீழ் நிற்கும் மண்ணே நிரந்தர உறைநிலம் எனப்படும். கோடையில் அதன் மேற்படை மட்டும் இளகி, மாரியில் மீண்டும் உறையும். இவ்வொழுங்கை நம்பியே யாக்கூற்ஸ்க் மக்கள் தூண்களை மண்ணுள் இறக்கி, கட்டடத்துக்கும் தரைக்கும் இடையே காற்றோட இடம்விட்டனர். வீட்டின் வெம்மை நிலத்தைத் தீண்டலாகாது என்பதே நோக்கம். ஆனால், இன்று வெம்மை வருவது வீட்டிலிருந்தன்று. 2020 யூன் 20ஆம் நாள் வெர்க்கோயான்ஸ்க் நகரில் 38° செ. பதிவாயிற்று. இளக்கம் ஆழமாகச் செல்லும்போது உள்ளிருக்கும் பனிக்கட்டி உருகுகிறது. அது தாங்கியிருந்த மண் அமிழ்ந்து குழியாகிறது.

இத்தகைய உருகல் புதிதன்று என வாதிப்பாருமுளர். உண்மையே. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலம் இளகித் தோன்றிய 'அலாஸ்' எனும் புற்படுகைகளிலேயே சாகா மக்கள் குதிரையும் மாடும் வளர்த்து வந்தனர். அழிவே வாழ்வுக்கு இடமளித்தது. ஆயின், அப்படுகைகள் உருவாக நூற்றாண்டுகள் பல சென்றன; இன்றைய சரிவை ஒரு தலைமுறை தன் கண்முன்னே காண்கிறது. அன்றியும், வட உறைநிலப் பகுதியில் அடங்கிய சேதனக் காபன், வளிமண்டலத்திலுள்ள காபனின் ஏறத்தாழ இரு மடங்காகும். மண் இளக, நுண்ணுயிர்கள் அதன் ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டாகவும், நீர் தேங்கிய இடங்களில் மெதேனாகவும் மாற்றுகின்றன. வெப்பம் உருக்க, உருகல் வெப்பத்தை வளர்க்கிறது.

உருகிய நீர் அடுத்த மாரியில் மீண்டும் உறையலாம். அமிழ்ந்த நிலம் பழைய நிலைக்கு எழுவதில்லை. யாக்கூற்ஸ்க் மக்கள் தம் அடுப்பின் வெம்மைக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டனர். உலகின் ஆலைகளும் ஊர்திகளும் அத்தகைய இடைவெளியை இன்னும் விடவில்லை.