கேட்காமல் விட்ட வழி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அவ்வூரையும் கடந்து, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில், நம்முடன் மதரஸாவில் ஓதிய தோழர் ஒருவர் வாழ்ந்து வந்தார். "ஹஜ்ரத், ஒரு தடவை வந்து போங்களேன்" என்று அவர் பலமுறை அழைத்ததுண்டு. கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது வழியையும் சொல்லத் தொடங்கினார். "ஏரிக்கரை மேல் ஏறி..." என்று அவர் ஆரம்பித்ததுமே நாம் குறுக்கிட்டு, "இடக்குறியை அனுப்பி விடுங்கள்; மருமகன் காரில் கருவி இருக்கிறது" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தார். நாம் போகவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை அவர் வஃபாத்தான செய்தி வந்தது. ளுஹருக்குப் பின் நல்லடக்கம் என்றார்கள். தங்கை மகன் காரை எடுத்து வர, பத்தரை மணிக்கே புறப்பட்டு விட்டோம். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த வழிகாட்டிக் கருவி அரியலூரைத் தாண்டும் வரை பிசகின்றி அழைத்துச் சென்றது. அதன்பின் தார்ச்சாலை மண்பாதையாயிற்று. மண்பாதை வண்டித் தடமாயிற்று. வெளியே இருபுறமும் சீமைக்கருவேல முட்கள். கருவியின் திரையிலோ நமது கார் நல்லதொரு சாலையின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. "நேராகச் செல்லவும்" என்றது குரல். நேரே இருந்தது, கல் வெட்டிய பெரும்பள்ளம்!

அரியலூர் மண் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. கிளிஞ்சல்களும் சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் கல்லாய்க் கிடக்கும் நிலம் அது. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்ட் ஆகிறது. வெட்ட வெட்டப் பழைய பாதைகள் மறைகின்றன. வரைபடத்தில் மட்டும் அவை நீடிக்கின்றன.

முன்னும் பின்னுமாக அலைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தது. தொலைபேசியிலும் தொடர்பு கிடைக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தாமாகவே அருகில் வந்தார். "அங்க போவாதீங்க பாய், நோண்டிட்டாங்க. ஏரிக்கரை மேல ஏறி, வேப்பமரத்துக்கிட்ட எறங்கி, ஏரிக்குள்ளயே போங்க. பள்ளிவாசல் தெரியும். இப்ப தண்ணி இல்ல, கார் போவும்" என்றார். நம் தோழர் சொல்லத் தொடங்கி, நாம் இடையில் வெட்டிவிட்ட வாக்கியம் அதுதான்.

நாம் மையவாடியை அடைந்தபோது ஜனாஸாத் தொழுகை முடிந்துவிட்டது. கபுரில் மூன்று பிடி மண் இடுவதற்கு மட்டுமே நமக்கு வாய்த்தது.

கருவியின் மீது முழுப் பழியையும் சுமத்துவது நீதியன்று. அதனுள் இரு வேறு அறிவுகள் உள்ளன. ஒன்று, நாம் எங்கே நிற்கிறோம் என்பது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் தத்தம் நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கின் ஒலிபரப்பைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும். அத்தனை நுட்பம்! மற்றொன்று, எந்த வழியே செல்வது என்பது. இது மனிதர் வரைந்த படத்தைச் சார்ந்தது. காருக்கென அமைந்த கருவி, கார் சாலையில்தான் இருக்கும் என்று நம்பி, அருகிலுள்ள சாலையின் மீது நம்மைத் தூக்கி வைத்து விடுகிறது.

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பனிமேல் ஓடும் எந்திர வண்டிகளுக்கெனத் தனித் தடங்கள் உண்டு. உறைந்த ஏரிகளின் மீதும் அவை செல்லும். காருக்கான கருவியை அவ்வண்டியில் பொருத்துவோர்க்கும் இதே இடர்தான். அங்கே ஏரி உறைந்தால் பாதை. இங்கே ஏரி வற்றினால் பாதை. சாலைப் படம் இரண்டையும் அறியாது. இத்தகைய கருவிகள் பலவற்றில், சாலையை விட்டு விலகிச் செல்வதற்கென ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்துகொண்டால், நிற்கும் இடத்தையும் சேருமிடத்துக்கு நேர்க்கோட்டையும் மட்டும் காட்டும். இதைப் பின்னரே அறிந்தோம்.

ஆனால், முன்னரே அறிந்த ஒன்றை மறந்தோமே! கிப்லா தெரியாத இடத்தில், கேட்பதற்கு ஊரறிந்த ஆள் இருக்கும்போது, தாமே ஆய்ந்து திசையை முடிவு செய்தல் ஆகாது என்பது ஃபிக்ஹின் சட்டம். இதை எத்தனையோ மாணவர்களுக்கு நாம் ஓதிக் கொடுத்திருக்கிறோம். அரபியில் 'தலீல்' என்ற சொல் சான்றையும் குறிக்கும். வழிகாட்டும் மனிதரையும் குறிக்கும். 622 இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் சென்றபோது வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உறைகித் அன்று முஸ்லிம் அல்லர். பாதை அறிந்தவர், நம்பத் தகுந்தவர். அதுவே போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது மருமகன் ஏரிக்குள் வந்த தடத்தைக் கருவியில் பதிந்துகொண்டான். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் அந்தத் தடமும் உதவாது. கபுரை ஜியாரத் செய்ய மீண்டும் போகும்போது யாரிடமாவது வழி கேட்போம். அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்போம்.